ஏழு மார்க்

அன்புள்ள மேடம்,

எனக்கு 21 வயது. விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர். பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. இன்டர் எழுதுகிறேன். அதில் மூன்று தாள் கொண்ட குரூப் 1-ல் இது இரண்டாவது அட்டெம்ப்ட். முதல் தடவை சட்டத்தில் 31. இந்தத் தடவை அக்கவுண்ட்ஸ் 58, சட்டம் 42, டாக்ஸ் 43. ஒவ்வொரு தாளிலும் 40-ஐத் தாண்டிவிட்டேன். ஆனால் மொத்தம் 150 வேண்டும், வந்தது 143.

அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "பாப்பா ஆடிட்டராகப் போகுது" என்பார். ரிசல்ட்டைச் சொன்னதும் "சரி, விடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"தோல்வியையே உந்துதலாக்கிக்கொள்" என்றார் எனக்குத் தெரிந்த ஒரு சார். மார்க் பட்டியலை பிரிண்ட் எடுத்து மேஜைக்கு நேர் எதிரே ஒட்டினேன். இரண்டு நாள் வெறியோடு படித்தேன். அப்புறம் அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. ராத்திரி மூன்று மணி வரை தூக்கமும் இல்லை. சட்டப் புத்தகத்தை மூன்று கலரில் கோடு போட்டு நான்கு தடவை படித்தவள் நான். எனக்கு இது வராதா?

— கே.

அன்புள்ள கே.,

முதல் வேலையாக, சுவரில் இருக்கும் அந்தத் தாளைக் கழற்றுங்கள். கிழிக்க வேண்டாம், தேவைப்படும். தினமும் கண்ணெதிரே வைத்து அதனிடம் அடி வாங்கினால், மூன்றாம் நாள் உடம்பே அந்த மேஜைப் பக்கம் போக மறுத்துவிடும். இதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். அடி விழும் இடத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை.

அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் கணித மேதை ராமானுஜன் தோற்ற கதையை இதற்குள் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. கணக்கு தவிர மற்றதில் மனம் போகாமல் தோற்றவர் அவர். நீங்களோ மனம் வைத்துப் படித்துத் தோற்றிருக்கிறீர்கள். அப்படியானால் படித்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மூன்று கலர் கோடுதான் எனக்கு உறுத்துகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நான்காம் தடவை படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அது பக்கம் கண்ணுக்குப் பழகிவிட்ட பழக்கம். பரீட்சை அறையில் புத்தகம் இருக்காதே.

அதனால் விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. கைக்கு வந்ததும் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் வெளியிடும் மாதிரி விடையை, அதாவது சஜெஸ்டட் ஆன்சரைப் பக்கத்தில் வைத்து, போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: தெரியாதது, தெரிந்தும் எழுதத் தெரியாதது, நேரம் போதாதது. என்னிடம் வரும் சி.ஏ. பிள்ளைகள் பலருக்கும் சட்டத்தில் நடுவில் இருப்பதுதான் பெரிய ஓட்டை. பிரிவு என்ன சொல்கிறது, கேள்வியில் என்ன நடந்தது, ஆக முடிவு என்ன என்ற வரிசை கைக்கு வந்திருக்காது. அது எழுதி எழுதித்தான் வரும். நாளைக்கு ஒரே ஒரு கேள்வி, புத்தகத்தை மூடிவைத்து. நாற்காலி வேண்டாம், தரையிலேயே உட்காருங்கள்.

"வராதா" என்று கேட்டீர்கள். சட்டத்தில் 31 வாங்கியவர் அடுத்த தடவை 42 வாங்கியிருக்கிறார். அக்கவுண்ட்ஸில் இன்னும் இரண்டு மார்க் வந்து 60 ஆகியிருந்தால் அந்தத் தாளுக்கு எக்ஸம்ப்ஷனே, அதாவது அடுத்த தடவை அதை எழுதாமலிருக்க விலக்கே, கிடைத்திருக்கும். வராதவருக்கு வரும் எண்களா இவை?

தூக்கம் இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் ஒரு டாக்டரைப் பாருங்கள். சாகலாம் என்பது போன்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம் அப்பா. அவருடைய "சரி, விடும்மா"வுக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கல்லாவில் எழுபது ரூபாய் குறைந்தால் அவர் என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். கடையை மூடிவிடுவாரா என்ன? பில்லை ஒவ்வொன்றாகப் புரட்டி எங்கே விட்டது என்று தேடுவார். இன்று ராத்திரி அவர் கல்லாவை எண்ணி முடித்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். ஏழு குறைகிறது என்று சொல்லுங்கள்.