நன்கொடையாளர் மென்பொருள் வாங்கினால் பல்கலைக்கழகத்துக்கு மானியம் கூடுமா?

கேள்வி: அறக்கட்டளை நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் முன்னாள் மாணவர் தொடர்பு, நிதி திரட்டல் இரண்டையும் நான் பார்க்கிறேன். சுமார் 4,000 பேரின் விவரங்கள் பல எக்ஸெல் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆண்டுக்குப் பதினைந்து, இருபது நிறுவனங்களிடம் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) நிதி கேட்கிறோம். நன்கொடையாளர் மேலாண்மை மென்பொருள் வாங்கினால் மானியம் கூடும் என்கிறார் விற்பனையாளர். உண்மையா? எதை வாங்குவது? அந்தச் செலவை சிஎஸ்ஆர் நிதியிலேயே எடுக்கலாமா?

பதில்: கூடலாம். ஆனால் விற்பனையாளர் சொல்லும் வழியில் அல்ல. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான பேரிடம் சிறுசிறு தொகை வாங்கும் அமைப்புகளுக்காக உருவானவை. ரசீது, நன்றிக் கடிதம், மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவது ஆகியவற்றில்தான் அவை கெட்டி. உங்கள் மானிய வேலை வேறு மாதிரி. கொடுப்பவர்கள் சிலர், தொகை பெரிது, ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை, கெடு, அறிக்கை உண்டு. ஆகவே அந்த மென்பொருள் யாரை யாருக்குத் தெரியும், யாரிடம் எப்போது என்ன கேட்டோம், வாங்கிய பணத்துக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்ற மூன்றையும் நினைவில் வைத்திருக்குமா என்று பாருங்கள். வைத்திருக்கும் என்றால் வாங்கலாம்.

இந்த மூன்றில் முதலாவதுதான் பல்கலைக்கழகங்களின் பெரிய பலம். ஐஐடி மெட்ராஸ் 2023-24இல் முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமுமாக 513 கோடி ரூபாய் திரட்டியது. அந்த அளவு எல்லோருக்கும் சாத்தியமில்லை. ஆனால் தனி ஆளையும் நிறுவனத்தையும் ஒரே அலுவலகம் சேர்த்துப் பார்ப்பது உங்களுக்கும் சாத்தியம்தான். உங்களிடம் வேதியியல் படித்த ஒருவர் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தலைவராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்களுக்கு ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் தருவார். அவருடைய நிறுவனமோ, அவர் ஒரு வார்த்தை சொன்னால், ஆய்வகத்துக்கு 15 லட்சம் தரக்கூடும். எக்ஸெல்லில் இந்த இருவரும் இரண்டு கோப்புகளில் ஒருவரையொருவர் அறியாமல் கிடப்பார்கள்.

நல்ல மென்பொருளில் ஆளுக்கு ஒரு பதிவு, நிறுவனத்துக்கு ஒரு பதிவு, இரண்டையும் இணைக்கும் உறவுக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாக இருக்கும். அவர் நாளைக்கு வேலை மாறினால் அந்த உறவுக்கு முடிவுத் தேதி போட்டுவிட்டு, புது நிறுவனத்தோடு இன்னோர் உறவைத் தொடங்கினால் போதும். பழைய நிறுவனத்தின் வரலாறு அப்படியே இருக்கும். அவர் மூலமாக வந்த 15 லட்சத்தை நிறுவனத்தின் பெயரில் வரவாகவும், அவருடைய பெயரில் ‘இவரால் வந்தது’ என்ற குறிப்பாகவும் எழுத வேண்டும். இதை சாஃப்ட் கிரெடிட் என்பார்கள். இந்த வசதி இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடக்கும். அவருக்கு நன்றி சொல்ல மறந்துபோவோம், அல்லது அதே தொகை இரண்டு தடவை எண்ணப்பட்டு ஆண்டறிக்கையில் 30 லட்சமாகத் தெரியும்.

இரண்டாவது, கேட்ட வரலாறு. ஒரே வாரத்தில் இயந்திரவியல் துறையும் நூலகமும் ஒரே நிறுவனத்துக்குத் தனித்தனியே கடிதம் அனுப்புவதுதான் பல்கலைக்கழகங்களின் பெயரை அதிகம் கெடுக்கிறது. கடிதம் பெறும் நிறுவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது எவ்வளவு அலட்சியமாகத் தெரியும் என்று யோசியுங்கள். மென்பொருளில் பதியாமல் எந்தத் துறையும் எந்த நிறுவனத்துக்கும் கடிதம் அனுப்பக் கூடாது என்று துணைவேந்தர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வரட்டும். அது இல்லாமல் இருபது லட்சம் கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் வீண்.

கேட்கும் பருவமும் முக்கியம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடுவது என்ற ஆண்டுத் திட்டத்தை இயக்குநர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய திட்டம் என்றால் அந்த ஆண்டுத் திட்டம் உருவாகும்போதே, அதாவது நிதியாண்டு தொடங்குமுன்பே பேசத் தொடங்குங்கள். செலவாகாமல் மிஞ்சிய பணத்தை, தொடரும் திட்டத்துக்கானது அல்லவென்றால், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் செலுத்திவிட வேண்டும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் சில நிறுவனங்கள் தயாராக இருக்கும் சிறு திட்டங்களைத் தேடும். அப்போது கைவசம் ஒரு முன்மொழிவு இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவிலும் இந்தத் தேதிகளுக்கு நினைவூட்டல் வையுங்கள்.

மறுக்கப்பட்ட விண்ணப்பங்களையும் காரணத்தோடு எழுதுங்கள். ‘எங்கள் மாவட்டத்துக்கு வெளியே’, ‘கட்டடத்துக்குத் தருவதில்லை’, ‘சிஎஸ்ஆர்-1 பதிவு எண் கேட்டோம், வரவில்லை’ என்று மூன்றாண்டு எழுதிவைத்துப் பாருங்கள், அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்பது தானே தெரிந்துவிடும். (2021 ஏப்ரல் 1 முதல், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் வழியாகப் பதியாத அமைப்பு நிறுவனங்களின் சார்பில் திட்டம் நடத்த முடியாது. உங்கள் எண்ணை விண்ணப்ப வார்ப்பிலேயே போட்டுவிடுங்கள்.)

மூன்றாவது, பணம் வந்த பிறகு. பல அலுவலகங்கள் காசோலையோடு புகைப்படம் எடுத்ததும் கோப்பை மூடிவிடுகின்றன. உண்மையில் அடுத்த மானியத்துக்கான வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தத்தின் நகல், ஒவ்வொரு தவணையும் வரவேண்டிய தேதி, அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழும் தரவேண்டிய தேதி, எந்தச் செலவுக்கு மட்டும் அனுமதி, வாங்கிய கருவி யார் பெயரில் இருக்கும் என்பதெல்லாம் அந்த மானியத்தின் பதிவிலேயே இருக்கட்டும். கொடுத்த நிறுவனத்தின் நிதித் தலைவர், பணம் சொன்ன காரியத்துக்குச் சொன்னபடி செலவானது என்று தம் இயக்குநர் குழுவுக்குச் சான்றளிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒரு மாதம் தாமதமானால் அவர் வேலை நிற்கிறது. கெடுவுக்கு முப்பது நாள் முன்னால் பேராசிரியருக்கும் கணக்குப் பிரிவுக்கும் தானாக அஞ்சல் போகிற ஏற்பாடு ஒன்றே இந்த மென்பொருளின் விலைக்கு ஈடு என்பது என் கருத்து.

வரி விஷயத்தில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, 80ஜி, அதாவது நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு. யார், எவ்வளவு, எந்த வகை, எந்த வழியில் கொடுத்தார் என்று பான் அல்லது ஆதார் எண்ணோடு படிவம் 10பிடியில் மே 31க்குள் தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படியான நடைமுறை. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது. அதனால் அடையாள எண் இல்லாமல் ரசீது போடவே விடாதபடி மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. ஆடிட்டரிடம் கேட்டு அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதி வாங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. அதை எஃப்சிஆர்ஏ அனுமதி பெற்று, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில் மட்டுமே வாங்க முடியும். ஆகவே உங்களுக்கு வேண்டியது ‘வசிக்கும் நாடு’ என்ற கட்டம் மட்டுமல்ல, ‘குடியுரிமை’ என்ற கட்டமும்தான். இணையவழிக் கட்டண இணைப்பிலும் முதல் கேள்வியாக இது வரட்டும். அமெரிக்காவில் உள்ள ஓர் அறக்கட்டளை மூலமாகப் பணம் வந்தால், கொடையாளர் அந்த அறக்கட்டளைதான். அங்கே பணம் போட்ட முன்னாள் மாணவருக்கு முன்னே சொன்ன சாஃப்ட் கிரெடிட்.

சரி, எதை வாங்குவது? பிளாக்பாடின் ரெய்சர்ஸ் எட்ஜ் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பழக்கமானது. உங்கள் அளவுக்கு அது கனம். சேல்ஸ்ஃபோர்ஸ் தகுதியுள்ள தொண்டு அமைப்புகளுக்குப் பத்து உரிமங்களை இலவசமாகத் தருகிறது, ஆனால் அமைத்துக் கொடுப்பவருக்கான செலவு இலவசமல்ல. சிவிசிஆர்எம் திறந்த மூல மென்பொருள், விலை இல்லை, சர்வரைப் பார்த்துக்கொள்ள உங்கள் கணினித் துறையில் ஆள் வேண்டும். தென்காசியிலும் சென்னையிலும் வேர்விட்ட ஸோஹோவின் சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள்) விற்பனைத் துறைக்காகச் செய்யப்பட்டது என்றாலும், மேலே சொன்ன பதிவுகளை அதில் அமைக்க முடியும், பழகிய ஆட்களும் இங்கே எளிதில் கிடைப்பார்கள். உங்கள் எண்ணிக்கைக்கு நான் கடைசி இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பேன். ஒரு எச்சரிக்கை. இத்தகைய மென்பொருள் சிலவற்றில் ‘கிராண்ட்’ என்ற பகுதி, மானியம் *கொடுக்கும்* அமைப்புகளுக்கானது. சிவிசிஆர்எம்மின் சிவிகிராண்ட் அப்படித்தான். வாங்குகிற பக்கத்துக்கு அது உதவாது.

விற்பனையாளர் தன் மாதிரித் தரவை வைத்துக் காட்டும் டெமோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்களுடைய பழைய மானியம் ஒன்றை, அதுவும் சிக்கலான ஒன்றை, இரண்டு தவணையாக வந்து ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டதை எடுத்துக்கொண்டு போய், கண் முன்னால் பதியச் சொல்லுங்கள். பிறகு முழுத் தரவையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள்.

வாங்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம் ஊரில் எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பையா மூவரும் ஒருவராகவும் இருப்பார், மூன்று பேராகவும் இருப்பார்கள். வெளிநாட்டு மென்பொருளின் முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற பிரிவுக்கு நம் இனிஷியல் அடங்காது. அதனால் பெயரை நம்பாமல் மாணவர் பதிவு எண்ணையும் சேர்ந்த ஆண்டையும் அடையாளமாக வையுங்கள், கைப்பேசி எண் இரண்டாம் சாட்சி. நாலாயிரம் பேரையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்ய வேண்டாம். கடந்த ஐந்தாண்டில் ஏதாவது கொடுத்தவர்கள், நிறுவனப் பதவிகளில் இருப்பவர்கள் என்று முதலில் ஐந்நூறு பேரை எடுங்கள். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

டேலியை இது மாற்றாது. கணக்கு டேலியிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து இரண்டு மொத்தமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிஎஸ்டி, ஏஎன்ஆர்எஃப் போன்ற அரசு ஆராய்ச்சி மானியங்களையும் இதில் திணிக்க வேண்டாம். அவற்றின் விதியும் கணக்கு முறையும் வேறு. அப்புறம், தொலைபேசியில் ஒருவர் சொன்ன குடும்பப் பிரச்சினை, உடல்நலம் ஆகியவற்றைக் குறிப்பில் எழுதாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு புறம் இருக்க, அவர் அந்தப் பதிவைப் படித்தால் வருந்துவாரா என்பதே போதுமான அளவுகோல்.

கடைசியாக, செலவு. ஒரு கணினி ஆய்வகத்துக்கென்று வந்த பணத்தில் மென்பொருள் வாங்கக் கூடாது, அது நிபந்தனை மீறல். ஆனால் அடுத்த முன்மொழிவிலேயே ‘கண்காணிப்பு, அறிக்கை’ என்று ஒரு வரி போட்டு, என்ன செலவு என்று வெளிப்படையாகச் சொல்லி ஒப்புதல் வாங்கலாம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதே என்று நிறுவனத்தில் சிலர் மறுப்பார்கள். அந்த வரம்பு நிறுவனம் தன்னுடைய சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்குத்தான், திட்டத்தை நடத்தும் உங்கள் செலவுக்கு அல்ல என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டு விளக்கக் குறிப்பில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதன் நகலை முன்மொழிவோடு இணைத்துவிடுங்கள். எஃப்சிஆர்ஏ பணத்துக்கு மட்டும் கணக்கு வேறு: நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும்.