உங்கள் கேள்வி, எங்கள் பதில்: சூனியக்காரி கதை எழுதுறவங்களுக்கு

கேள்வி: 1600கள்ல இங்கிலாந்துல நடக்கிற மாதிரி சூனியக்காரி, காதல், குடும்பம்னு ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிட்டு இருக்கேன். கிளைமாக்ஸ்ல ஹீரோயினோட அம்மாவ உயிரோட எரிக்கிறாங்க. சரியா வருமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மாத்திடுங்க. இங்கிலாந்துல சூனியம்னு கேஸ் வந்தா பொதுவா தூக்குதான். எரிச்சது ஸ்காட்லாந்து, ஜெர்மனி பக்கம்.

கேள்வி: சொந்தக் குடும்பத்துலயே ஒருத்தர ஒருத்தர் காட்டிக்கொடுக்கிற மாதிரி எழுதினா ஓவரா தெரியுமா?
- அதே வாசகி

பதில்: தெரியவே தெரியாது, நிஜத்துல நடந்தது அதவிட கொடூரம். லங்காஷயர்ல பெண்டில் மலைன்னு ஒரு இடம். 1612 மார்ச்ல அலிசன் டிவைஸ்னு ஒரு சின்னப் பொண்ணு, ஊர் ஊரா சுத்தி சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட குண்டூசி கேக்குறா, அவர் தரல, கொஞ்ச நேரத்துல அவர் கீழ விழுந்து ஒரு பக்கம் இழுத்துக்குது, இன்னைக்கு பாத்தா ஸ்ட்ரோக்னு சொல்லிருப்போம். ஆனா அந்தப் பொண்ணு தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு நெஜமாவே நம்பி அவர்கிட்ட அழுது மன்னிப்பு கேட்டா. அதுலருந்து விசாரணை அவ பாட்டி, அம்மா, அண்ணன் தம்பி, அக்கம்பக்கம்னு பரவிடுச்சு. பாட்டிக்கு 80 வயசு இருக்கும், கண்ணு தெரியாது, கேஸ் வர்றதுக்கு முன்னாடியே ஜெயில்லயே செத்துப் போயிட்டாங்க.

ஆகஸ்ட்ல லங்காஸ்டர் கோர்ட்ல முக்கியமான சாட்சி யாரு தெரியுமா? அலிசனோட தங்கச்சி ஜெனட், வயசு சுமார் 9. பொண்ணப் பாத்ததும் அம்மா எலிசபெத் கத்தின கத்துல அவங்கள வெளிய இழுத்துட்டுப் போயிட்டு, குழந்தைய டேபிள் மேல ஏத்தி நிக்க வச்சு பேச வச்சாங்க. அம்மா, கூடப் பிறந்த ஜேம்ஸ், அலிசன் மூணு பேரையும் சேத்து மொத்தம் 10 பேர ஆகஸ்ட் 20ம் தேதி தூக்குல போட்டாங்க. அந்தக் குழந்தைய யார் எப்படித் தயார் பண்ணாங்க, ராத்திரி எங்க தூங்குச்சு, அதெல்லாம் கோர்ட் கிளார்க் தாமஸ் பாட்ஸ் எழுதின புக்குல கிடையாது, நாவலிஸ்டோட எடமே அதுதான்.

அப்புறம் 1634ல ஒரு பத்து வயசுப் பையன் சொன்ன புகார்ல மாட்டினவங்கள்லயும் ஜெனட் டிவைஸ்னு ஒருத்தி இருக்கா. அதே பொண்ணான்னு உறுதி கிடையாது. பையன் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டான், அப்படியும் 1636 ஜெயில் லிஸ்ட்ல அவ பேர் இருக்கு.

கேள்வி: அப்போ காதலுக்கு எங்க எடம்?

பதில்: ஜோடிக் காதல எங்க வேணா வைங்க, ஆனா இதையும் பாருங்க. அதே கேஸ்ல சாட்டாக்ஸ்னு ஒரு கிழவி, டிவைஸ் குடும்பத்துக்குப் பகையாளி. கடைசியில குத்தத்த ஒத்துக்கிட்டு அவங்க கெஞ்சினது, எம் பொண்ணு ஆன் ரெட்ஃபெர்னுக்கு மட்டும் இரக்கம் காட்டுங்கன்னு. யாரும் காட்டல, மகளுக்கும் தூக்கு.

கேள்வி: கதையில மந்திரம் நெஜமா வேலை செய்யலாமா?

பதில்: செய்யட்டும், ஃபேண்டஸிதான. ஒரே ஒரு விஷயம், எதச் சொல்லி அவங்களக் குத்தவாளி ஆக்கினாங்களோ அத மட்டும் உண்மையாக்கிடாதீங்க. அந்த வியாபாரிய உங்க ஹீரோயின் மந்திரத்தாலயே விழ வச்சீங்கன்னா ஜட்ஜ் தீர்ப்பு சரின்னு ஆயிடும், தூக்குல தொங்கின 10 பேருக்கும் அது பெரிய அநியாயம். மந்திரம் வேற எங்கயாவது இருக்கட்டும், காய்ச்சல் எறக்குறதுல, செத்துப் போன பாட்டி கனவுல வந்து வழி சொல்றதுல, ஜெயில்ல இருக்கிற அம்மா குரல் பொண்ணுக்கு மட்டும் கேக்குறதுல. கோர்ட்டுக்கு அதுல ஒண்ணுகூடத் தெரியக்கூடாது. எழுதி முடிச்சதும் முதல் அத்தியாயத்த எங்களுக்கு அனுப்புங்க, படிக்கக் காத்திருக்கோம்.