"சவமே"ன்னா கோவப்படணுமா?

கேள்வி: நான் ஈரோடு, வேலை நாகர்கோவில்ல. ரூம்மேட் முத நாளே "வெள்ளம் குடிக்கியா மக்கா"ன்னான், முழிச்சேன். இப்ப கையில இருந்து எதாவது நழுவுனாலே "சவமே"ங்கிறான். கோவப்படலாமா வேணாமா?

பதில்: வேணாங்க. நமக்கு வெள்ளம்னா ஊரே மூழ்கணும், அங்க ஒரு டம்ளர் போதும், பக்கத்து மலையாளத்துலயும் தண்ணிக்கு வெள்ளம்தானே. சவம்னா பொணம்தான், இல்லங்கல, ஆனா அந்தப் பக்கம் அம்மா புள்ளையைச் சொல்லும், ஃப்ரெண்டு ஃப்ரெண்டைச் சொல்லுவான், "சவம் கெடக்கு, விடு"ன்னா அந்தப் பேச்சை விட்டுத்தள்ளுன்னு மட்டும்தான். குரலைக் கவனிங்க: இழுத்து வந்தா செல்லம், பல்லைக் கடிச்சு வந்தா திட்டு, கூடவே மக்கா ஒட்டிக்கிட்டா பயமே வேணாம். ஆனா நீங்க அதைப் பழகிடாதீங்க சாமி, லீவுக்குப் போனப்ப பெரியவங்க முன்னாடி வாய் தவறி வந்துச்சுன்னா ஈரோட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான்.

கேள்வி: நாங்க "அறுவை"ன்னு சொன்னதை என் பையன் "மொக்கை"ங்கிறான். ரெண்டும் ஒண்ணா?

பதில்: கிட்டத்தட்ட. ஆனா வரிசையைப் பாருங்க, அறுவை, பிளேடு, ரம்பம், எல்லாமே கழுத்தை அறுக்குற சாமான். மொக்கைன்னா கூர் இல்லாதது. நல்ல கத்தின்னா சட்டுனு முடிஞ்சிரும், மழுங்குன கத்தியால அறுத்தா எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிங்க! என்னைக் கேட்டா உங்க பையன் சொல்றதுதான் இன்னும் பொருத்தம்.

கேள்வி: எனக்கு வயசு 32. திருநெல்வேலியில இருந்து காரைக்குடிக்கு குடிவந்தேன், பக்கத்து வீட்டுப் பொண்ணு என்னை "ஆச்சி"ங்குது. அவ்ளோ கெழவியாவா தெரியறேன்?

பதில்: அய்யோ, இல்லம்மா. உங்க ஊர்ல ஆச்சின்னா பாட்டி, அங்க அக்கா மாதிரி, மரியாதையா கூப்பிடுறது. இதுக்கே அதிர்ந்தா எப்படி, அப்பச்சின்னு ஒண்ணு இருக்கு, செட்டிநாட்டுல அது அப்பா, கொங்குப் பக்கம் அம்மாவோட அப்பா. "அப்பச்சி வந்திருக்காங்க"ன்னு யாராவது சொன்னா, எந்த ஊர்க்காரங்கன்னு கேட்டுட்டு வணக்கம் வைங்க.

கேள்வி: யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா "வாங்கில இருங்கோ"ன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. எதை வாங்கணும்னு தெரியாம வாசல்லயே நின்னேன். வெளிய வந்து "ஏன் தம்பி நிக்கிறீங்கள்?"னு கேட்டுச் சிரிச்சாங்க. என்ன தப்பு பண்ணேன்?

பதில்: வாங்குன்னா பெஞ்சு, போர்ச்சுகீஸ்காரங்க விட்டுட்டுப் போன சொல்லு. இருங்கோன்னா உக்காருங்க. நம்ம ஊர்ல "இருங்க"ன்னா வெயிட் பண்ணச் சொல்றாங்கன்னு நின்னுக்கிட்டே இருப்போம், நீங்களும் அதையேதான் பண்ணியிருக்கீங்க. அடுத்த தடவை போனா உக்காந்து கதைங்க. அங்க கதைக்கிறதுன்னா பேசுறது, நம்ம ஊரு மாதிரி கதை விடுறது இல்ல.