கனத்த டெலி லென்ஸுக்கு ஏற்ற டிரைபாட்: கேள்வி பதில்

பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பறவைகளைப் படமெடுக்கும் வடசென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

தண்டையார்பேட்டையிலிருந்து: ஐயா, சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸ் வாங்கியுள்ளேன். டிரைபாட் கால்கள், அவற்றின் மேல் லென்ஸைத் தாங்கும் ஹெட் ஆகிய இரண்டில் எதற்கு அதிகம் செலவிடலாம்?

கால்களுக்கே முதலிடம் கொடுங்கள். 600 மி.மீ. லென்ஸ் வழியே ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமரா அகலவாக்கில் காண்பது ஏறத்தாழ மூன்றரை டிகிரி மட்டுமே என்பதால், மற்ற லென்ஸ்களில் கண்ணுக்கே தெரியாத நடுக்கம்கூட இங்கே பூநாரையின் கண்ணை மங்கலாக்கிவிடும். உங்கள் லென்ஸின் எடை 1.93 கிலோ, கேமராவையும் கிம்பல் ஹெட்டையும் (லென்ஸை ஊஞ்சல்போல் தாங்கி ஆடவிடும் ஹெட்) சேர்த்தால் கால்கள் சுமப்பது அதைவிட வெகு அதிகம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தாங்குதிறனை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை ஏதும் இல்லை. மேல்குழாயின் விட்டத்தைப் பாருங்கள். உங்களுக்கு 28 மி.மீ. போதும், மூன்று முதல் நான்கு கிலோ எடையுள்ள 600 மி.மீ. எஃப்4 (பெரிய துளையுள்ள) வகை லென்ஸ்களுக்கு 32 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. நடுத்தண்டு இல்லாத டிரைபாட் சிறந்தது. இருந்தால் அதை உயர்த்தவே உயர்த்தாதீர்கள்.

திருவொற்றியூரிலிருந்து: பால் ஹெட் (உருண்டை மூட்டில் திரும்பும் ஹெட்) நன்றாகத்தானே இருக்கிறது, கிம்பல் எதற்கு?

பால் ஹெட்டில் லென்ஸின் எடை உருண்டைக்கு மேலே அமர்வதால், பிடியைத் தளர்த்திய கணமே லென்ஸ் ஒரு பக்கமாகச் சரியும். விரல் நசுங்கவும் வாய்ப்புண்டு. கிம்பலில் எடை மையம் சுழலும் அச்சிலேயே நிற்பதால், பறக்கும் ஆலாவை ஒற்றை விரலால் பின்தொடரலாம்.

ஆனால் சமநிலைப்படுத்தாத கிம்பலால் பயன் இல்லை. ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் மறைப்பு), கேமரா எல்லாவற்றையும் மாட்டிய பின் பிடியைத் தளர்த்தி, லென்ஸ் கிடைமட்டமாக நிற்கும்வரை அதன் அடியில் திருகிய பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அடுத்து லென்ஸின் முகத்தைச் சற்றுத் தாழ்த்தி விடுங்கள். அது மேலும் கவிழ்ந்தால் தொட்டில் (கிம்பலில் லென்ஸ் அமரும் தாங்கி) உயரமாக இருக்கிறது; தானாக நிமிர்ந்தால் தாழ்வாக இருக்கிறது. விட்ட இடத்தில் நின்றால் சரி. ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்களில் இந்தச் சமநிலை மாறும் என்பதால், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நீளத்தில் வைத்துச் சரிசெய்யுங்கள்.

பெரம்பூரிலிருந்து: அண்ணா, விலையுயர்ந்த டிரைபாட் இருந்தும் படம் கூர்மையாக இல்லையே?

தம்பி, லைவ் வியூவில் (கேமராவின் திரையில்) காட்சியைப் பெரிதாக்கி, லென்ஸை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அதிர்வு உடனே அடங்காவிட்டால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது லென்ஸ் காலரின் (லென்ஸைச் சுற்றிய வளையம்) பாதமாக இருக்கும், அல்லது ஒரே திருகில் நிற்கும் பிளேட்டாக இருக்கும். பாதத்தில் இரண்டு திருகுத் துளைகள் இருந்தால் இரண்டையும் பயன்படுத்துங்கள்.

அதிர்வு அடங்கியும் படம் மங்கினால் குறை காற்றில்தான். வெயில் ஏறிய பின் பழவேற்காடு ஏரியின் நீர்ப்பரப்பில் கானல் அலையும்போது, தொலைவில் நிற்கும் பூநாரைக் கூட்டத்தை எந்த டிரைபாட்டாலும் கூர்மையாக எடுக்க முடியாது. விடியலில் செல்லுங்கள், பறவைகள் அருகில் வரும்வரை பொறுத்திருங்கள்.

எண்ணூரிலிருந்து: கழிமுகச் சேற்றில் டிரைபாட்டை நிறுத்தலாமா?

நிறுத்தலாம். கடைசிக் கால்துண்டை முழுவதும் நீட்டி, அதன் பூட்டு உப்பு நீருக்கும் சாம்பல் கலந்த சேற்றுக்கும் மேலே இருக்கும்படி வையுங்கள். உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் மேல்துண்டுகளைச் சுருக்குங்கள். கரையேறியதும் கால்களை மடக்கிவிடாதீர்கள், ஏனெனில் ஈர மணல் குழாய்க்குள் இழுக்கப்பட்டுப் பூட்டின் உட்புறத்தை அரித்துவிடும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, வீட்டில் பூட்டுகளைக் கழற்றித் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். கார்பன் ஃபைபர் துருப்பிடிக்காது என்ற தைரியத்தில் பலர் இதைச் செய்வதில்லை. திருகுகளும் அலுமினியப் பாகங்களும் உப்பில் அரிக்கப்படும்.

மாதவரத்திலிருந்து: படகில் என்ன செய்வது?

டிரைபாட்டை விட்டுவிடுங்கள், மோட்டாரின் அதிர்வு கால்கள் வழியே நேராகக் கேமராவுக்கு ஏறும். படகோட்டியிடம் மோட்டாரை நிறுத்திக் கோல் ஊன்றச் சொல்லுங்கள். ஏரி ஆழம் குறைந்தது என்பதால் அது இயலும். விளிம்பில் பீன் பேக்கை வைத்து, ஸ்டெபிலைசரை (நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) இயக்கியே எடுங்கள். பையில் அரிசியோ பச்சைப்பயறோ நிரப்பலாம். நனைந்தால் அன்றே கொட்டி உலர்த்துங்கள். தெர்மகோல் மணிகள் எடையற்றவை, அவற்றில் லென்ஸ் ஆடும்.