மே மாதம் வடுவூருக்குப் போகலாமா?

தஞ்சாவூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மே விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. பிள்ளைகளை வடுவூர் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போகலாமா?"

வேண்டாம். மே மாதம் அங்கே பெரும்பாலும் வறண்ட ஏரியைத்தான் பார்ப்பீர்கள்.

வடுவூர் பாசன ஏரி. 1999-ல்தான் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஆனால் அதன் பருவத்தைத் தீர்மானிப்பது மேட்டூர் அணை. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். வழக்கம்தான், ஆண்டுக்காண்டு மாறும்: 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, வாய்க்கால் வழியாக ஏரியில் சேர ஆகஸ்ட் ஆகிவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை.

ஏரி தளும்பினால் பறவை நன்றாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாரையும் அரிவாள் மூக்கனும் காலூன்றி இரை தேடுபவை, அவற்றுக்கு ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். தளும்பும்போது வாத்துகளும் நடு ஏரிக்குப் போய்ப் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். தண்ணீர் இறங்கத் தொடங்கும் தை மாதம்தான் என் தேர்வு. ஓரத்தில் சேறு தெரியத் தெரிய, பறவைகள் கரைப்பக்கம் வரும்.

பிள்ளைகளுக்கு நத்தைகுத்தி நாரையைக் கட்டாயம் காட்டுங்கள். வாயை மூடினாலும் அலகின் நடுவே சந்து இருக்கும், பாக்குவெட்டி மாதிரி. வழுக்கும் நத்தையைப் பிடிக்க அது உதவுகிறது. குஞ்சுகளுக்கு இந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் விழும். நடவு வயல்களிலும் இதைப் பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம்!

அதனால் அண்ணனைப் பொங்கலுக்கு வரச் சொல்லுங்கள். மன்னார்குடி சாலையில் சுமார் 25 கி.மீ. தூரம்தான். விடியும்போதே கரையில் இருங்கள், எட்டரைக்கு மேல் தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் கையில் படம் ஆடும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். திரும்பும்போது கோதண்டராமர் கோயிலையும் பார்த்துவிடலாம், நடை சாத்துவதற்குள்.

மே மாதம்தான் வர முடியும் என்றால், கோடியக்கரைக்கு வெளிமான் பார்க்கப் போங்கள். அதற்கு மேட்டூர் திறக்க வேண்டியதில்லை. தூரம் அதிகம், வெயிலும் கடுமை. அதிகாலையிலேயே அங்கே இருக்கும்படி, முதல் நாளே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள்.