கவுண்டரில் விலை கேட்பது வெட்கமில்லை

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகனுக்குச் சில மாதங்களாகத் தூக்கமே இல்லை. பரீட்சை என்றாலே கை நடுங்குகிறது. கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். போனில் 250 ரிங்கிட் என்றார்கள். வந்த பில்லோ 1,180 ரிங்கிட்! ஏதோ டெஸ்ட் எடுத்தார்களாம். காரில் ஏறியதும் அவன், "எனக்குச் சரியாகிவிட்டதும்மா, இனிமேல் போக வேண்டாம்" என்கிறான். முன்கூட்டியே விலை கேட்டால், பிள்ளையைவிடப் பணம்தான் பெரிது என்று நினைப்பார்களோ?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சகோதரி, உங்கள் மகனுக்கு இன்னும் சரியாகவில்லை. அவன் பில்லைப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற பயத்தில் சொன்ன சொல் அது. அதனால்தான் விலையை முதலிலேயே கேட்க வேண்டும் என்கிறேன். நாம் கேட்காமல் விட்டால், அந்தச் சுமை பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கேட்பது உங்கள் உரிமையும்கூட. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த விதிமுறைகள், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே உத்தேசச் செலவைத் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகின்றன. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில்லையும் கேட்டு வாங்கலாம். அந்த 1,180-க்கு இப்போதே கேளுங்கள்.

கால் உடைந்தால் ஒரு மாவுக்கட்டோடு முடியலாம். மனநல சிகிச்சை அப்படியில்லை, வாரக்கணக்கில் போகும். ஆகவே ஒரு தடவைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், ஒரு சந்திப்பு எத்தனை நிமிடம், டெஸ்டுக்குத் தனிக் கட்டணமா, மருந்துக்கு எவ்வளவு ஆகும், வர முடியாமல் போனால் காசு பிடிப்பார்களா, எல்லாவற்றையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் எழுத்தில் இருக்கும். இன்சூரன்ஸ் இருந்தால், மனநலச் செலவு அதில் சேருமா என்று முகவரிடம் தனியாகக் கேளுங்கள். பல பாலிசிகளில் சேராது.

என் தம்பி மகளுக்காக நானும் அப்படி ஒரு கவுண்டரில் தயங்கி நின்றவள்தான். கேட்டதும், அங்கிருந்த பெண் ஒரு துண்டுத்தாளில் நான்கு வரி எழுதி, கூட்டிப் போட்டு நீட்டினார். முகம் சுளிக்கவில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மாதக் கணக்கே போட்டோம்.

தொகை கட்டுப்படியாகவில்லையா? டாக்டரிடமே சொல்லுங்கள். சந்திப்புகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டலாம், அல்லது அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். குடிமக்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதத்தோடு போனால் நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மை. அதுவரை மனம் விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண்ணான ஹீல் லைன் 15555 இருக்கிறது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரி போடும்போது, மனநல ஆலோசனைச் செலவை 1,000 ரிங்கிட் வரை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம், பிள்ளைக்காகச் செய்ததையும் சேர்த்து.

சரி, அடுத்த சந்திப்பை ரத்து செய்துவிடாதீர்கள். அன்றைக்கு மகனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கவுண்டருக்கு நீங்கள் மட்டும் போங்கள்.