கேள்வி பதில்: ஐஸ்போட்டுக்கு வீட்டுலயே பாய்மரம்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஐஸ்போட் பாய்மரம் பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதையே பாத்துடலாம். ஐஸ்போட்னா உறைஞ்ச ஏரி மேல பாய் கட்டி காத்துல ஓடுற படகு, அடியில ஐஸ்ல வழுக்கிப் போற தகடுக்குத்தான் ரன்னர்னு பேரு.

கேள்வி: டிஎன் அளவுல ஒரு ஐஸ்போட் கட்டிட்டேன். பாடி, குறுக்கு பலகை, ரன்னர் எல்லாம் ரெடி, பாய்மரம்தான் பாக்கி. கிளாஸ் ஃபைபரும் எபாக்ஸியும் வச்சு நானே பண்ணலாம்னு இருக்கேன். எவ்வளவு ஸ்ட்ராங்கா பண்ணணும்?

எவ்வளவு ஸ்ட்ராங்குன்னு கேட்காதீங்க சார், எவ்வளவு வளையணும்னு கேளுங்க. மத்த எல்லாம் அதுக்குப் பின்னாலதான்.

டிஎன் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1936-37 குளிர்காலத்துல டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகையோட ஹாபி ஷாப்புல, வீட்டுல யாரும் கட்டிக்கலாம்னு வரைஞ்ச டிசைன் இது, பேரும் அங்கிருந்துதான் வந்துச்சு. பாடி 12 அடி, குறுக்கு பலகை 8 அடி, பாய்மரம் 16 அடி, பாய் 60 சதுர அடி. ஆரம்பத்துல பாய்மரம் மரத்துலதான், உள்ள கூடு விட்டு ஒட்டினது, அப்புறம் அலுமினியம் வந்துச்சு, கிளாஸ் ஃபைபர் வந்தப்புறம் ஓட்டுற விதமே மாறிப்போச்சு. ஏன்னா கிளாஸ் பாய்மரம் பயமில்லாம நல்லா வளையும்.

வளைஞ்சா என்ன லாபம்? ஐஸ்போட் காத்து வேகத்தைவிட மூணு நாலு மடங்கு வேகத்துல போகுது, ஐஸ்ல உராய்வே கிடையாதுன்னு சொல்ற அளவு கம்மி, அதனால படகுக்கு எதிர்ல வர்ற காத்தோட இழுவைதான் பெரிய எதிரி. திடீர்னு ஒரு பலமான காத்து அடிச்சா ஷீட் கயிறை, அதாவது பாயைக் கட்டுப்படுத்துற கயிறை, நல்லா இழுத்துப் பிடிக்கிறீங்க, அப்ப பாய்மரத்தோட நடுப்பகுதி காத்து போற பக்கமாவும் முன்னாலயும் பிதுங்குது, பாயோட தொப்பை குறைஞ்சு தட்டையாகுது, மேல் நுனி கொஞ்சம் திறந்து அதிகப்படி காத்தை விட்டுடுது, படகும் சாயாம ஐஸை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுது. பாய்மரம் விறைப்பா இருந்தா அந்த காத்து முழுக்க படகைத் தூக்கத்தான் பாக்கும், காத்து வர்ற பக்கத்து ரன்னர் ஐஸை விட்டு எழும்பிடும். ரொம்ப தொளதொளன்னு இருந்தாலும் கஷ்டம்தான், பாய்க்கு வடிவமே நிக்காது, லேசான காத்துல நீங்க நின்னுட்டு இருப்பீங்க மத்தவங்க போயிடுவாங்க.

இனி செய்யுற விதம். குறுக்கு வெட்டுல பாத்தா கண்ணீர்த்துளி மாதிரி வடிவம், கீழ ஒரு குண்டு மேல உக்காந்து காத்துக்கு ஏத்த மாதிரி திரும்பணும். உள்ள ஃபோம் வச்சு மேல துணி சுத்துறது ஒரு வழி, அது சுலபம்னு நிறைய பேர் அங்கதான் போறாங்க, ஆனா வெளிப்பக்கம் மேடு பள்ளமா வரும், அதைத் தேச்சு சமப்படுத்தும்போது நாரையும் சேத்து அறுத்துடுவீங்க, வெளியில இருக்கற நார்தானே அதிகமா உழைக்குது. என்னைக் கேட்டா மரத்துல அதே வடிவத்துல ஒரு மாடல் செஞ்சு, அதை வச்சு ரெண்டு பாதியா மோல்டு எடுத்து, மோல்டுக்குள்ள துணி போடுங்க. வேலை அதிகம்தான், ஆனா வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வரும், ரெண்டாவது பாய்மரமும் அதே மோல்டுல எடுக்கலாம். மோல்டை வைக்கிற மேஜை நேரா இருக்கணும், இதுல மட்டும் சமாதானம் ஆகாதீங்க, ஒரு தூண்டில் நரம்பை முனைக்கு முனை இழுத்துக் கட்டிப் பாருங்க, மேஜை எப்படி கோணலோ அப்படியேதான் பாய்மரமும் கெட்டியாகும்.

துணி வரிசை: வெளிய மெல்லிசா ஒண்ணு, நூல் 45 டிகிரி சாஞ்சு ரெண்டு பக்கமும் ஓடுற மாதிரி, அது முறுக்கத்தைத் தாங்கும். அடுத்து நீளவாக்குல மட்டும் நார் ஓடுற யூனி துணி, வளைவோட விறைப்பு முழுக்க இதுலதான் இருக்கு. உள்ள திரும்ப ஒரு 45 டிகிரி துணி. குறுக்கா சுத்தி வர்ற நாரும் கொஞ்சம் வேணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை மடக்கினா அது இழுபட்டு அறுந்து போறதில்ல, சப்பையாகித்தான் மடங்குது, பாய்மரமும் அப்படித்தான் போகும், சப்பையாகாம தடுக்கறது அந்த குறுக்கு நார்தான். 300 கிராம் யூனி கிளாஸ் ஒரு அடுக்கு கெட்டியானா சுமார் கால் மி.மீ. வரும், அதை வச்சு சுவரோட தடிமன் கணக்குப் போட்டுக்கோங்க. நுனிக்குப் போகப் போக அடுக்கைக் குறைக்கணும், ஆனா எல்லா அடுக்கையும் ஒரே இடத்துல வெட்டாதீங்க, ஒவ்வொண்ணும் ஒரு கை அகலமாவது தள்ளித் தள்ளி முடியட்டும்.

நார் நேரா இருக்கணும். துணில ஒரு சின்ன சுருக்கம் விழுந்தா இழுக்கும்போது அவ்வளவா தெரியாது, அமுக்கும்போது அந்த இடத்துலதான் போகும், பாய்மரம் எப்பவும் அமுக்கத்துல இருக்கற பொருள்.

ரெண்டு பாதியையும் எங்க ஒட்டறதுன்னு அடுத்து கேப்பீங்க. முன் விளிம்புலயும் பின் விளிம்புலயும் ஒட்டுங்க, பக்கவாட்டுல வேண்டாம். பாய்மரம் திரும்பி நிக்கறதால பெரும்பாலும் மெலிஞ்ச பக்கமாத்தான் வளையுது, அப்படி வளையும்போது ஒரு பக்கச் சுவர் இழுபடுது, எதிர்ச் சுவர் அமுங்குது, முன் பின் விளிம்புல ரெண்டும் இல்லாத கோடு ஓடுது. ஆனா ஒரு பாதி இன்னொரு பாதி மேல வழுக்கப் பாக்கற விசை அங்கதான் அதிகம், அதனால சும்மா பசை தடவி மூடிடக்கூடாது, உள்ள 45 டிகிரி பட்டை வச்சு ரெண்டு பாதியையும் பிடிக்கிற மாதிரி ஒட்டணும்.

வேக்கம் பம்ப் கிடைச்சா கண்டிப்பா பேக் போடுங்க, அதாவது துணி மேல பிளாஸ்டிக் பை மூடி உள்ள இருக்கற காத்தை உறிஞ்சுங்க. கையால மட்டும் தடவினா துணி எடைக்கு சரி எடை ரெசின், அதாவது எபாக்ஸி, உக்காரும், வேக்கம் போட்டா பாதிக்குக் கொஞ்சம் மேல போதும். மேல் நுனில கூடுற ஒவ்வொரு கிராமும் படகை ஆட்டும், அதனால இந்த கணக்கு சின்னது இல்ல.

ரேஸுக்குப் போற எண்ணம் இருந்தா மோல்டு வெட்டறதுக்கு முன்னாடியே டிஎன் வகைப் படகுக்கான போட்டி விதிப் புத்தகத்தைப் படிச்சுடுங்க, அளவுக்கும் எடைக்கும் அதுல வரம்பு இருக்கு.

கேள்வி: கார்பன்ல பண்ணா இன்னும் நல்லாயிருக்காதா? துணி கையில இருக்கு.

கையில இருக்குங்கறதுக்காக போடாதீங்க. கார்பன் நாரோட விறைப்பு சுமார் 230 ஜிகாபாஸ்கல், கிளாஸ் 72 பக்கம், மூணு மடங்கு. அதே வடிவம் அதே தடிமன்ல கார்பன் போட்டா உங்க பாய்மரம் வளையவே வளையாது, மேல சொன்ன மொத்த லாபமும் போச்சு. சரி சுவரை மெல்லிசாக்கி வளைய வச்சுடலாம்னு பாத்தா சப்பையாகுற பிரச்சினை வந்து நிக்கும். கார்பன் ஒன்றரை சதவீதம் பக்கம் நீண்டாலே அறுந்துடும், கிளாஸ் அதைவிட நல்லாவே நீண்டு கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் முன்கூட்டியே வெளுத்துப் போய் சத்தம் குடுத்துட்டுத்தான் போகும்.

ரெண்டையும் கலந்து போடலாமேன்னு சிலர் கேட்டிருக்கீங்க. நீளவாக்குல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா பாரத்தை முதல்ல விறைப்பானது, அதாவது கார்பன்தான் வாங்கிக்கும், அது அறுந்த நொடில மொத்தமும் கிளாஸ் தலையில விழும். கார்பன் போட்டே ஆகணும்னா அந்த 45 டிகிரி அடுக்குல போடுங்க, முறுக்கத்துக்கு நல்லாயிருக்கும், வளைவை அவ்வளவா கெடுக்காது. முதல் பாய்மரம்னா முழுக்க கிளாஸ்தான் என் ஓட்டு.

கேள்வி: ஷெட்ல குளிர் தாங்கல, எபாக்ஸி ரெண்டு நாளாகியும் பிசுபிசுன்னு இருக்கு. ஹார்ட்னர் (ரெசினைக் கெட்டியாக்க கலக்கற திரவம்) கொஞ்சம் கூட ஊத்தலாமா?

ஊத்தவே ஊத்தாதீங்க. பாலியஸ்டர் ரெசின்ல வேணா கெட்டியாக சேக்கற திரவத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு வேகத்தை மாத்துவாங்க, எபாக்ஸில ஹார்ட்னர் ரெசினோட சேர்ந்து அதுவும் ஒரு பாதிப் பொருளா ஆயிடுது, அளவு மாறினா மிச்சம் உள்ளயே கிடக்கும், என்னைக்கும் முழுசா கெட்டியாகாது. தராசுல எடை போட்டுத்தான் கலக்கணும். 10 டிகிரி குறைஞ்சா வேகம் சுமார் பாதியாகும், அதனால உங்க எபாக்ஸி அநேகமா கெட்டுப் போகல, குளிர்ல தூங்குது. மோல்டைச் சுத்தி தெர்மோகோல் பலகையால ஒரு பெட்டி கட்டி உள்ள எலக்ட்ரிக் ஹீட்டர் வைங்க, துணியில இருந்து தள்ளி, பக்கத்துலயே ஆள் இருக்கணும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர், மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டாம், அதுல வர்ற ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் ஹார்ட்னரோட சேந்து மேல மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும், மூடின ஷெட்ல உங்க மூச்சுக்கும் அது ஆபத்து. அந்த படலம் வந்துட்டா முதல்ல தண்ணியும் ஸ்கிரப்பரும் வச்சுக் கழுவுங்க, அப்புறம்தான் உப்புத்தாள், நேரா தேச்சா படலத்தை உள்ளதான் தேச்சு விடுவீங்க, அடுத்த அடுக்கு ஒட்டாது.

முழுசா கெட்டியான அப்புறம் அதே பெட்டில 50 டிகிரி பக்கம் சில மணி நேரம் மெதுவா சூடு ஏத்தி வச்சா ரெசின் இன்னும் இறுகும். மோல்டுல இருக்கும்போதே செய்யுங்க, வெளிய எடுத்துட்டு செஞ்சா வளைஞ்சு போகும்.

கையுறை இல்லாம எபாக்ஸி தொடாதீங்க, அலர்ஜி ஒரு தடவை பிடிச்சா வாழ்நாள் முழுக்க விடாது.

கேள்வி: பாலியஸ்டர் ரெசின் விலை கம்மியா இருக்கே?

கெட்டியாகும்போது நல்லா சுருங்கும், ஒட்டுற இடத்துல எபாக்ஸி அளவு பிடிக்காது. மோல்டுக்குப் போடுங்க, பாய்மரத்துக்கு வேண்டாம்.

கேள்வி: கம்பி மாட்டற இடத்துல ஓட்டை போட்டு ரிவெட் அடிச்சா போதுமா?

சுவர் மட்டும் இருந்தா ரிவெட் ஓட்டையை நீளமா கிழிச்சுடும். பாய்மரத்தை நிமித்திப் பிடிக்கிற ஸ்டே கம்பி மாட்டற இடம், பாயோட அடியில வர்ற பூம் கட்டை மாட்டற இடம், அடியில குண்டு உக்கார்ற இடம், மூணுலயும் உள்ள கூடுதலா துணி அடுக்கி, கெட்டியான கட்டை ஒண்ணு ஒட்டி, அப்புறம் போல்ட் போடுங்க. எங்கயாவது கார்பன் இருந்தா அலுமினியம் அதைத் தொடக்கூடாது, ஈரம் பட்டா அலுமினியம் அரிச்சுப் போகும், நடுவுல ஒரு அடுக்கு கிளாஸ் வைங்க.

பாய் ஏத்துற கயிறையும் சேத்து யோசிச்சுடுங்க. கயிறு மேல உருளையில சுத்தி அடியில வந்து கட்டினா, பாயை இழுக்கற பாரம் ஒண்ணு, கயிறு கீழ இழுக்கற பாரம் ஒண்ணு, பாய்மரத்துக்கு ரெட்டை அமுக்கம். மேலயே கொக்கில மாட்டி நிக்கற மாதிரி பண்ணா அதுல பாதி போயிடும்.

கேள்வி: போன சீசன்ல என் பாய்மரம் கம்பி மாட்டற இடத்துக்கு ஒரு சாண் கீழ ஒடிஞ்சுது. அந்த இடத்துல இன்னும் நாலு அடுக்கு போடலாம்னு இருக்கேன்.

போட்டா அடுத்த தடவை அதுக்கும் ஒரு சாண் கீழ ஒடியும் தம்பி. ஒடிஞ்ச இடத்தைப் பாருங்க, கூடுதல் துணி எல்லாம் ஒரே கோட்டுல முடிஞ்சிருக்கா? அப்படி இருந்தா மேல விறைப்பு கீழ இளக்கம், வளைவு முழுக்க அந்த கோட்டுல வந்து குவியும். அடுக்கு கூட வேண்டாம், இருக்கறதையே படிப்படியா இறக்குங்க.

புதுசை ஐஸுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி வளைச்சுப் பாருங்க. ரெண்டு முனைகிட்டயும் தாங்கல் வச்சுப் படுக்கப் போட்டு, நடுவுல ஒரு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குதுன்னு அளங்க. ஒரு பக்கம் பாத்துட்டு திருப்பிப் போட்டு மறுபக்கமும், அப்புறம் முன் பின் திசையிலயும். இடமும் வலமும் வேற வேற எண் வந்தா ஒரு பாதில துணியோ ரெசினோ கூடியிருக்கு, ஒரு பக்கமா ஓடும்போது படகு நல்லாயிருக்கும், திரும்பினா சோம்பும். எடையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வரலைன்னா ரெசின் இன்னும் கெட்டியாகல, இல்ல எங்கயோ உள்ள விட்டுப்போச்சு. நண்பரோட பாய்மரத்தோட ஒப்பிடணும்னா தாங்கல் தூரம் ஒரே அளவா இருக்கணும், தூரம் ரெட்டிப்பானா இறக்கம் எட்டு மடங்காகும், அதனால ஒரு சாண் வித்தியாசமே கணக்கைக் கெடுத்துடும். நடுவுல மட்டும் அளக்காம முழு நீளத்துக்கும் ஒரு நரம்பு கட்டி, அரை அடிக்கு ஒரு தடவை இடைவெளியை அளந்து பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, வளைவு ஒரே சீரா ஓடணும். எங்கயாவது முட்டி மாதிரி மடங்குச்சுன்னா ஒடியப்போற இடம் அதுதான். அங்க மேல தேய்க்கவும் வேண்டாம், துணியும் ஒட்ட வேண்டாம், பக்கத்துல விறைப்பா இருக்கற அடுக்கு எங்க முடியுதுன்னு தேடிப் பிடிச்சு, அந்த முடிவுல இருந்து இளகின பக்கமா நீளமா இறங்கற மாதிரி மெல்லிசா ரெண்டு யூனி பட்டை ஒட்டி, காஞ்சதும் திரும்ப எடை கட்டிப் பாருங்க.